கயிறு பிடித்த நால்வர்

அத்தியாயம் 6

உதயகுமாருக்குப் பயம் வந்தால் வாய் நீளும். பாரிவாக்கம் ஏரிக்கரை அம்மன் கோயில் வாசலில் அன்று காலை அவன் ஸ்கூட்டரை நிறுத்தியபோது, பின்னால் உட்கார்ந்திருந்த மைதிலி ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். அம்பத்தூரிலிருந்து இதுவரை நடுவில் எங்கேயாவது மூச்சு விட்டாயா என்று.

"வுட்டேன் மேடம். திருவேற்காடாண்ட ஒரு தபா."

அவன் பயத்துக்குக் காரணம் இருந்தது. முதல் நாள் சாயங்காலம் அந்தக் கோயிலின் உற்சவர் அம்மன், முழங்கால் உயர ஐம்பொன் சிலை, காணாமல் போயிருந்தது. காவலாளி தங்கவேலைப் போலீஸ் நிலையத்தில் உட்கார வைத்திருந்தார்கள். தங்கவேல் வேறு யாருமில்லை, உதயகுமாரின் அக்கா சரசாவின் புருஷன். மத்தியானத்துக்கு மேல் அவனை மாஜிஸ்திரேட் முன்னால் நிறுத்தப் போகிறார்கள். கோயில் சொத்தைத் திருடியவன் என்று ஒரு தடவை பேர் விழுந்துவிட்டால், அதை எந்தச் சோப்புப் போட்டுக் கழுவுவது? சரசா விடியலிலிருந்து நிலையத்து வாசல் மரத்தடியில், இட்லி டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். டப்பா இன்னும் திறக்கப்படவில்லை.

மைதிலியைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். ஆவடி குவார்ட்டர்ஸில் வளர்ந்தவள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக எரிந்துபோன குடோன்களைப் பார்த்து, தானாக எரிந்ததா, யாராவது எரித்ததா என்று சொல்லிக்கொண்டிருந்தவள். இப்போது அம்பத்தூரில் ஒரு பேக்கரியின் மாடியில் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். உதயகுமார் மேனாம்பேட்டுக்காரன், ஷேர் ஆட்டோ ஓட்டினவன், அவளுக்கு உதவியாளன். அவள் யோசிப்பாள், அவன் பேசுவான். அலுவலகம் அப்படித்தான் ஓடியது.

கோயில் வாசலில் ஒரே சாமான் மயம். கும்பாபிஷேகம் தள்ளிப்போனதால் பந்தல்காரர், மைக் செட்காரர், சாரம் கட்டுகிறவர் எல்லோரும் அவரவர் பொருளை எடுத்துக்கொண்டு கிளம்பிக்கொண்டிருந்தார்கள். வெளியே போகிற ஒவ்வொன்றையும் ஒரு கான்ஸ்டபிள் பிரித்துப் பார்த்தார். பந்தல் துணியை உதறச் சொன்னார். ஸ்பீக்கர் பெட்டிக்குள் டார்ச் அடித்தார். சாரக்காரர் மனோகரனின் மீன்பாடி வண்டியில், அதுதான் முன்னால் பலகைத் தட்டு வைத்த மோட்டார் மூன்று சக்கர வண்டி, சவுக்குக் கழிகளுக்கு நடுவே லத்தியை விட்டுக் குடைந்தார். மனோகரன் சிரித்த முகத்தோடு நின்றார். தரையில் ஒரு நீல டிரம் பாக்கி இருந்தது. பாதியாக அறுத்த டிரம், வாய் வரைக்கும் வெள்ளை சிமெண்ட் இறுகிப் பாறையாகக் கிடந்தது. கான்ஸ்டபிள் லத்தியால் தட்டினார். டங் என்றது.

"அண்ணாத்தே, ஒரு கை குடேன்," என்று மனோகரன் உதயகுமாரைக் கூப்பிட்டார். "வேலை நின்னுபோச்சி, சிமெண்டும் கெட்டியாப் பூட்ச்சி. எங்கனா ஏரிக்கரையில தள்ளிட்டுப் போவணும்."

உதயகுமார் கை கொடுத்தான். கான்ஸ்டபிளும் பாவம் பார்த்துக் கொடுத்தார். மூன்று பேர் தூக்கியும் டிரம் அசைந்து அசைந்துதான் வண்டி ஏறியது.

"இன்னா நைனா, உள்ள மாமியாரை வச்சு மூடிக்கீறியா?" என்றான் உதயகுமார். "முன் டயரைப் பாரு, காத்தே இல்ல. பஞ்சர் கடை வரைக்கும் போனா பெரிய விசயம்."

மனோகரன் இன்னும் பெரிதாகச் சிரித்தார். வேப்பம்பட்டு வரைக்கும் போக வேண்டும், வழியில் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு மற்ற கழிகளைக் கட்டப் போனார். மைதிலி அதற்குள் உள்ளே போயிருந்தாள். உதயகுமார் கையைத் தட்டிக்கொண்டு பின்னால் ஓடினான்.

கருவறைக்குப் பின்புறச் சுவர் முன்னால் மூன்று பேர் நின்றார்கள். ஒருவர் சப் இன்ஸ்பெக்டர் நாகவல்லி. பழைய குடோன் தீ வழக்கு ஒன்றில் மைதிலியின் கண்ணுக்கு மரியாதை கொடுக்கப் பழகியவர். இன்னொருவர் கோகுல்நாத், ஓவியக் கல்லூரியில் பாடம் நடத்துகிறவர், சாட்சிகள் சொல்லும் அடையாளத்தை வைத்துப் போலீசுக்கு முகம் வரைந்து கொடுப்பார். மூன்றாவது ஆள் காவலுக்கு நின்ற போலீஸ்காரர். நேற்றிலிருந்து அந்தப் பின்பக்கத்துக்கு வேறு யாரையும் விடவில்லை. பிராகாரத்தின் தெற்குப் பக்கம் மணல் குவிந்து கிடந்ததால், எல்லோரும் வடக்கு வழியாகத்தான் வந்துபோனார்கள்.

சுவர் பேசியது. பேச வேண்டியவர் ஆஸ்பத்திரியில் நினைவில்லாமல் கிடந்தார். கோவிந்தன் என்று பெயர், கோயில் கோயிலாகச் சுவரில் சாமி எழுதுகிறவர். பிறவியிலேயே பேச்சு இல்லை, பள்ளிக்கூடமும் போனதில்லை. கை ஜாடையில் எதைச் சொன்னாலும் தங்கவேல் டீ என்றுதான் புரிந்துகொள்வான். அதனால் கோவிந்தன் எந்தச் சங்கதியையும் கரிக்கட்டியால் வரைந்துதான் காட்டுவார். நேற்றுச் சாயங்காலம் சாரத்தின் மேலே இருந்தவர் எதையோ பார்த்திருக்கிறார். எல்லோரும் போன பிறகு இறங்கி வந்து, புதிதாக வெள்ளையடித்த இந்தச் சுவரில் வரைந்திருக்கிறார். அப்போது யாரோ பின்மண்டையில் அடித்திருக்கிறார்கள். சத்தம் கேட்டு ஓடி வந்து தூக்கியவன் தங்கவேல். தூக்கியதில் சட்டையெல்லாம் ரத்தம். அந்த ரத்தமும் அவனுக்கு எதிராகவே சாட்சி சொன்னது.

படத்தில் நான்கு ஆண்கள். எல்லோரும் நேராக நம்மைப் பார்த்து நின்றார்கள். எல்லோர் இடது கையிலும் ஒரு சுருள் கயிறு. இடது கோடியில் ஒருவன் வட்டமான டிரம் ஒன்றின் மேல் கை வைத்திருந்தான். அடுத்தவன் டிரம் பக்கத்தில் ஒரு சாக்கைக் கவிழ்த்துக்கொண்டிருந்தான். மூன்றாமவன் அம்மனை அணைத்துத் தூக்கினான். அம்மன் அவனைவிடப் பெரியவளாக இருந்தாள். வலது கோடியில், கோயில் வாசலில், நான்காமவன் தோளில் நிறைந்த சாக்கோடு நின்றான். அவன் பக்கத்தில் கம்பும் கையுமாகக் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு காவலாளி, கையைத் தூக்கி ஒரு சலாம். அவன் காலடியில் ஆட்டுக்குட்டி அளவில் ஒரு மூன்று சக்கர வண்டி.

கோகுல்நாத் பொறுமையாக விளக்கினார். படம் என்பது ஜன்னல் மாதிரி. ஓரிடத்தில் நின்று, ஒரு நொடியில் பார்ப்பது. பக்கத்தில் இருப்பது பெரிதாகவும் தூரத்தில் இருப்பது சின்னதாகவும் தெரியும். ஒரே ஆள் ஒரே நேரத்தில் நாலு இடத்தில் நிற்க முடியாது, ஆகவே இது நாலு பேர் கும்பல். வண்டி இத்தனை சின்னதாக இருப்பதால் அதைத் தொலைவில், பெரிய ரோட்டில் நிறுத்தியிருக்கிறார்கள். நாகவல்லி ஏற்கெனவே அங்கே கேமராக்களைப் பார்க்க ஆள் அனுப்பியிருந்தார். முகத்தை வைத்துத் தேடலாமென்றால் அதற்குத்தான் வழியில்லை என்று கோகுல்நாத் வருத்தப்பட்டார். வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று இல்லை, நிழல் இல்லை, நாலு முகமும் ஒரே முகம்.

"நாலும் கல்யாண மாப்புள்ள மாதிரி கீது," என்றான் உதயகுமார். "கையில கயிறு. நம்மூர்ல கயிறு புடிச்சவன்னா எமன்தான் மேடம். எருமைதான் மிஸ்ஸிங்."

யாரும் சிரிக்கவில்லை. மைதிலி மட்டும் அவனை ஒரு தடவை திரும்பிப் பார்த்துவிட்டு, நாகவல்லியிடம் மெல்லக் கேட்டாள்.

"வாசல்ல நிக்கறவன் சாக்குல என்ன இருக்கு?"

"சிலைதான். வேற என்ன?"

"அப்போ இந்த மூணாவது ஆள் தூக்கறது?"

நாகவல்லி சுவரைத் திரும்பிப் பார்த்தார். ஒரே நொடியில் எடுத்த படமென்றால் அம்மன் இவன் கையிலும் இருக்கிறாள், அவன் சாக்கிலும் இருக்கிறாள். அம்மன் இரண்டு இடத்தில் இருக்கலாமென்றால், மனுஷன் நாலு இடத்தில் இருக்கக் கூடாதா?

முதலில் நெற்றியில் அடித்துக்கொண்டது கோகுல்நாத்தான். "ஒரே ஆள். ஒரே ஆளைத்தான் நாலு தடவை போட்டிருக்கார். நம்ம பழைய சுவர் ஓவியத்துல கட்டம் கட்ட மாட்டாங்க மேடம். நடுவுல கோடு கிடையாது. ராஜா கிளம்பறதும் சண்டை போடறதும் திரும்பி வரதும் ஒரே சுவர்ல, பக்கத்து பக்கத்துல இருக்கும். இதைப் பரீட்சையில எழுதி மார்க்கே வாங்கியிருக்கேன். நேர்ல வந்தப்போ ஞாபகம் வரலை."

உதயகுமாருக்கு அவர் மேல் பிரியமே வந்துவிட்டது. அந்தப் பிரியம் நாகவல்லி அடுத்த வாக்கியத்தைச் சொல்லும் வரைதான் இருந்தது.

நாகவல்லி போனில் நாலு பேரைத் தேடுவதை நிறுத்தச் சொல்லிவிட்டுத் திரும்பினார். முகம் இறுகியிருந்தது. நாலு பேர் என்றால், மிரட்டினார்கள், பயந்து விட்டேன் என்று தங்கவேல் சொல்ல இடமிருந்தது. இப்போது இருப்பது ஒருத்தன். டிரம் மேல் ஏறி வந்தவன், சாக்கைக் கொட்டிக் காலி பண்ணினான், சிலையை எடுத்தான், அதில் போட்டுக்கொண்டு வாசல் வழியாகவே போனான். காவலாளி சலாம் வைத்து அனுப்பியிருக்கிறான். இதைவிடத் தெளிவாக எந்தச் சாட்சி சொல்லும்? மத்தியானம் வரை எதற்குக் காத்திருக்க வேண்டும், இப்போதே கூட்டிப் போகிறேன் என்றார்.

"வாசல் வழியா ஒரு சிலையும் வெளிய போவலன்னு மாமா கத்திக்கினே கீறாரும்மா," என்றான் உதயகுமார்.

அந்த நேரம் பார்த்து சரசா போன் பண்ணினாள். அழவில்லை. மாமாவை எழுந்து நிற்கச் சொல்கிறார்கள், சட்டையை வாங்கி உறையில் போட்டுவிட்டார்கள் என்று மட்டும் சொன்னாள். கோயிலில்தானே நிற்கிறாய், ஒரு சுற்றாவது சுற்றி அம்மனிடம் சொல்லிவிட்டு வா என்றாள்.

அக்கா பேச்சைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. முன்பக்கம் போனான். மூடியிருந்த கருவறைக் கதவைப் பார்த்து, நீ இருக்கிற இடத்தை நீயே சொல்ல வேண்டியதுதானே என்று சண்டை போட்டான். பிறகு சுற்றக் கிளம்பினான். நேர் வழி வடக்குதான், ஐந்தே அடியில் பின்சுவருக்குப் போய்விடலாம். ஆனால் எவ்வளவு அவசரமானாலும் கோயிலை யாராவது இடமாகச் சுற்றுவார்களா? செருப்பில்லாத காலோடு தெற்குப் பக்கத்து மணல் குவியலில் ஏறினான். வலது கைப் பக்கம் கருவறைச் சுவர். கோவிந்தன் முடித்து வைத்திருந்த அம்மன் கதை அங்கே வண்ணத்தில் மின்னியது. முதலில் தொட்டிலில் அம்மன், கொஞ்சம் நடந்தால் ஊஞ்சலில் அம்மன், இன்னும் நடந்தால் சூலத்தோடு அம்மன். அவன் நடக்க நடக்க அவள் வளர்ந்துகொண்டே வந்தாள். மூலை திரும்பினான். கரிக்கோட்டுப் படம் வந்தது. வாசலில் சாக்கோடு ஒருத்தன். அப்புறம் அம்மனைத் தூக்குகிறவன். அப்புறம் சாக்கைக் கவிழ்க்கிறவன். அப்புறம் வெறுங்கையாய் டிரம் மேல் கை வைத்தவன்.

அவன் நின்றுவிட்டான்.

"இன்னா மேடம் இது? நான் பாக்கசொல்ல மட்டும் படம் பின்னாலர்ந்து ஓடுது. சாக்கோட வர்றான், வெறுங்கையா நிக்கறான்."

மைதிலி அவனைத் தாண்டி, அவன் வந்த வழியே மணலில் ஏறி முன்பக்கம் போனாள். அவன் சுற்றியது போலவே வலமாகச் சுற்றித் திரும்பி வந்தாள். வரும்போது அவள் நடை மாறியிருந்தது.

"நாகவல்லி, நாம எல்லாரும் இதை நின்னு பார்த்தோம். இது நின்னு பார்க்கற படம் இல்லை. நடந்து பார்க்கற படம். கருவறையைச் சுத்தறவங்களுக்குச் சுவர் வலது கைப்பக்கம் வரும். அவங்க நடக்கற திசையிலதான் கதையும் நடக்கும். தெற்குச் சுவர்ல தொட்டில் எந்தக் கோடியில இருக்குன்னு போய்ப் பாருங்க. வலது கோடி. கோவிந்தன் புஸ்தகம் படிச்சவர் இல்லை, இடமிருந்து வலமா எழுத. அவர் கைக்குத் தெரிஞ்சது பிரதட்சணம்தான்."

ஒரு தடவை பார்த்ததை வைத்து ஒரு ஆளை விட முடியாது என்றார் நாகவல்லி. அது நியாயம்தான். மைதிலி இடது கோடிக்குப் போய்க் குனிந்தாள். டிரம் மேல் கை வைத்தவனுக்கு முழங்காலுக்குக் கீழே கால் இல்லை. அவன் கையிலிருந்து ஒரு கரிக்கோடு வளைந்து நெளிந்து தரை வரைக்கும் சரிந்திருந்தது. கோவிந்தன் விழுந்து கிடந்த இடம் அதுதான்.

"மத்த மூணும் முழுசா இருக்கு. இது மட்டும் அரைகுறை. அடி விழுந்தப்போ கை இங்கதான் இருந்திருக்கு. முதல்ல வரைஞ்சதா இருந்தா இதை அரைகுறையா விட்டுட்டு மத்ததை முடிச்சிருப்பாரா? இதுதான் கடைசி."

நாகவல்லி அந்தக் கரிக்கோட்டைக் குனிந்து பார்த்தார். பிறகு கதையைத் திருப்பிப் போட்டுத் தானே சொல்ல ஆரம்பித்தார். ஒருத்தன் நிறைந்த சாக்கோடு வாசல் வழியாக உள்ளே வந்தான். தினமும் வருகிறவன், அதனால் காவலாளி கையைத் தூக்கி வா என்றான். உள்ளே வந்தவன் சிலையைத் தூக்கினான். சாக்கில் இருந்ததைக் கொட்டினான். வெறுங்கையோடு போனான்.

"அம்மன் வெளிய போகவே இல்லை," என்றார்.

"தங்கவேல் சொன்னது நிஜம்," என்றாள் மைதிலி. "இனி ஆள் யாருன்னு பார்க்கணும். முகத்தைத் தேடாதீங்க. முருகர் படத்துல முகத்தை வெச்சா முருகர்னு கண்டுபிடிக்கறோம்? கையில வேல், காலடியில மயில். மயில் சின்னதா இருக்கறது தூரத்துல நிக்கறதால இல்லையே. அது வாகனம். அம்மன் பெரிசு, ஏன்னா அவ அம்மன். காவலாளி சின்னவர், ஏன்னா கதை அவரைப் பத்தி இல்லை. உதயா எருமையைக் காணோம்னு சொன்னான். இதோ காலடியில நிக்குது எருமை, மூணு சக்கரத்தோட."

கையில் கயிறு, வாகனம் மூன்று சக்கர வண்டி. தினமும் வந்துபோகிறவன்.

மைதிலி தரையைக் காட்டினாள். இடது கோடியில், சுவரை ஒட்டி, வட்டமாக ஒரு வெள்ளைத் தடம். "இங்க இருந்த டிரம் எங்கே?"

மற்ற சாமான்களோடு காலையில் தானே அதை வாசலுக்கு உருட்டிவிட்டதாகக் காவலுக்கு நின்ற போலீஸ்காரர் சொன்னார். உதயகுமார் தன் இரண்டு உள்ளங்கைகளையும் விரித்துப் பார்த்தான். ரேகைக்குள் எல்லாம் வெள்ளை சிமெண்ட் தூள் படிந்திருந்தது.

"மேடம்," என்றான். "நான்தான் மேடம் தூக்கி வச்சேன்."

வாசலில் வண்டி இல்லை. கான்ஸ்டபிள் தன் உள்ளங்கையையும் பார்த்துக்கொண்டு, மனோகரன் போய்ப் பத்துப் பதினைந்து நிமிஷம் ஆகிவிட்டதே என்றார். நாகவல்லி ஜீப்பைக் கூப்பிட்டார். ஜீப் பெரிய ரோட்டில் கேமரா பார்க்கப் போயிருந்தது. பூந்தமல்லி பக்கமா, ஆவடி பக்கமா, எந்தப் பக்கம் மறிக்கச் சொல்வது? வேப்பம்பட்டு என்று அவன் சொன்னது நிஜமோ பொய்யோ. டிரம் மட்டும் ஏதாவது ஒரு குடோனுக்குள் போய்விட்டால், பிறகு இவர்கள் சொல்வதெல்லாம் சுவரில் கிறுக்கிய கரிக்கோடுதான்.

உதயகுமார் ஸ்கூட்டரைக் கிளப்பிவிட்டான். "எங்கயும் போவ மாட்டான் மேடம். முன் டயர் செத்துப்போச்சு. அத்தினி லோடை வச்சிக்கினு ரிம்மு தரையில தட்டும். ஆவடி ரோட்டுல ஏரி முடியற எடத்துல ஒரு பஞ்சர் கடை கீது. அதான் கிட்ட. குந்துங்க."

வழியில் அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. மைதிலிக்கு அதுதான் பயமாக இருந்தது.

பஞ்சர் கடையில் வண்டி நின்றது. ஜாக்கி கொடுத்து ஒரு சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் டியூபை அமுக்கிக்கொண்டிருந்தார் கடைக்காரர். மனோகரன் டீயை ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். இவர்களைப் பார்த்ததும் அதே சிரிப்பு.

"வா அண்ணாத்தே. மறுபடி கை குடுக்க வந்தியா?"

"ஆமா. எறக்க."

சிரிப்பு நின்றது. டீ கிளாஸ் மெதுவாகக் கீழே போனது. மனோகரனின் கை, டயர் கழற்றும் இரும்பு நெம்புகோலின் மேல் போய் உட்கார்ந்தது. கடைக்காரர் டியூபை விட்டுவிட்டுப் பின்னால் நகர்ந்தார். ரோட்டில் லாரிகள் போய்க்கொண்டிருந்தன, ஜீப்பைக் காணோம். உதயகுமாருக்கும் அந்த இரும்புக்கும் நடுவில் கையெட்டும் தூரம்தான். அவன் நகரவில்லை. பின்னால் தூக்கி வைத்த அம்மன் இருந்தாள், மரத்தடியில் அக்கா இருந்தாள், எங்கே நகருவது?

மைதிலி மட்டும் கல்யாண வீட்டில் பேசுகிற மாதிரி பேசினாள். தூக்கியெறியப் போகிற சிமெண்டுக்கு எதற்கு அடியில் இத்தனை சாக்கு மெத்தை, எதற்குப் புதுக் கயிற்றுக் கட்டு என்று கேட்டாள். வழியெல்லாம் ஏரிக்கரைதானே வந்தது, ஏன் தள்ளவில்லை என்று கேட்டாள். மனோகரன் நெம்புகோலைக் கையில் எடுத்தார்.

"கோவிந்தன் எல்லாத்தையும் சொல்லிட்டார்," என்றாள்.

"அவன் ஊமை."

"ஊமைதான். சுவர்ல வரைஞ்சு வச்சிருக்கார். அதுல இருக்கறது நீங்க."

மனோகரன் முதல் தடவையாகக் குரலை உயர்த்தினார். "நானா? அதுல என் மூஞ்சி எங்க கீது? நல்லாப் பாத்துட்டேன். கயிறும் கையுமா நாலு சாமிதான் நிக்குது. நாலும் ஒரே மூஞ்சி."

"எப்போ பார்த்தீங்க?"

அவர் கடைக்காரரைத் திரும்பிப் பார்த்தார்.

"நேத்து நீங்க எல்லாரும் கிளம்பினப்புறம்தான் அவர் கரிக்கட்டியை எடுத்தார். அடிபட்டதுலேர்ந்து பின்பக்கம் போலீஸ் காவல், ஒருத்தரையும் விடலை. நடுவுல, தூக்க வந்த தங்கவேலைத் தவிர, அந்தச் சுவரைப் பார்த்தவர் ரெண்டே பேர். ஒருத்தர் வரைஞ்சவர். இன்னொருத்தர் அவர் பின்னால நின்னவர்."

ஜீப் வந்து நின்று நாகவல்லி பின்னால் நின்றிருப்பதை மனோகரன் அப்போதுதான் கவனித்தார். கடைசி வார்த்தை வரைக்கும் நாகவல்லி கேட்டுவிட்டார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. ஓடுவதற்கு மனோகரன் வண்டியைப் பார்த்தார். வாகனம் ஒரு காலைத் தூக்கிக்கொண்டு ஜாக்கி மேல் நின்றது. நெம்புகோல் கையிலிருந்து நழுவித் தரையில் விழுந்தது. சிமெண்ட் இறுகியதா என்று பார்க்கப் பின்மதில் ஏறித் திரும்பி வந்தேன், சாமி எழுதிக்கொண்டிருக்கிறான் என்றுதான் நினைத்தேன், திரும்பிப் பார்த்தவன் டிரம்மைத் தட்டிக் காட்டி ஜாடை செய்தான், அதில்தான் பயந்துவிட்டேன் என்று யாரும் கேட்காமலே சொன்னார். சுவரைத் துடைத்துவிட்டுப் போயிருக்கலாம். தன்னை அவராலேயே அடையாளம் காண முடியவில்லை, என்ன செய்வது.

சிமெண்ட் மேலாகக் கையளவு கனம்தான் இருந்தது. அதே நெம்புகோலால் உதயகுமார் ஓரத்திலிருந்து பெயர்த்தான். கீழே தார்ப்பாய் வந்தது. தார்ப்பாயைப் பிரித்ததும் அபய ஹஸ்தம் முதலில் தெரிந்தது. அவன் கையை எடுத்துக்கொண்டு பின்னால் போய், பஞ்சர்த் தொட்டித் தண்ணீரில் கையைக் கழுவிவிட்டு வந்துதான் மறுபடி தொட்டான்.

"மாமியாருன்னு சொல்லிட்டேன் தாயே," என்று முணுமுணுத்தான். "மனசுல வச்சிக்காத."

சாயங்காலம் அம்மனுக்கு மஞ்சள் நீராட்டு நடந்தது. தங்கவேல் வெளியே வந்ததும் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கோவிந்தனைப் பார்த்துவிட்டு, சரசாவோடு கோயிலுக்கு வந்தான். கோவிந்தன் கண் விழித்துவிட்டாராம். விழித்ததும் விரல்களைக் குவித்து எதையோ கேட்டாராம்.

"கரி கேக்கறாரு, எனக்கே புரியுது," என்றாள் சரசா. "இவரு ஓடிப்போயி டீ வாங்கினு வந்து குடுக்கறாரு."

கோகுல்நாத் இன்னும் பின்சுவர் முன்னால்தான் இருந்தார். இப்போது நிற்கவில்லை. வலமாகச் சுற்றுவதும், மூலையில் தயங்குவதும், மறுபடி முன்னால் போய்ச் சுற்றி வருவதுமாக இருந்தார். மைதிலி அவரை அவர் போக்கில் விட்டுவிட்டாள்.

தங்கவேல் சுவருக்கு மிக அருகில் போய், வலது கோடியில் குனிந்து, கட்டைவிரல் உயரத்துத் தன்னைத் தேடிக் கண்டுபிடித்தான். அவன் முகம் சுருங்கியது. ராத்திரி பகலாய் இந்தக் கோயிலைக் காக்கிறவன் நான், திருடனை மாப்பிள்ளை மாதிரி அத்தனை பெரிதாகப் போட்டுவிட்டு என்னை மட்டும் எறும்பு மாதிரி எழுதியிருக்கிறானே என்று பொருமினான்.

உதயகுமார் மாமாவின் தோளில் கை போட்டான். காலையில் பாதியில் விட்ட சுற்று அவனுக்கு இன்னும் பாக்கியிருந்தது. அப்படியே அவனையும் அணைத்துக்கொண்டு மீதி வழியில் நடக்க ஆரம்பித்தான்.

"பெருசா போட்டிருந்தா நீ இந்நேரம் புழல் ஜெயில்ல இருந்திருப்ப மாமா. வா, சுத்து."

சரசா கையில் இருந்த இட்லி டப்பாவைத் திறந்துகொண்டே அவர்கள் பின்னால் போனாள்.